ஈரலில் கட்டிகள்: ஊசி குத்தாமல் சொல்ல முடியாதா?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. சிடி ஸ்கேனில் ஈரலில் ஆறேழு கட்டிகள். 'ஈரல் புற்றுநோய், அல்லது நியூரோஎண்டோகிரைன் கட்டி பரவியது' என்று ரிப்போட்டில் இருக்கிறது. அப்பா குடிப்பதில்லை. ஹெப்படைட்டிஸ் பி, சி இல்லை. ஈரல் புற்றுநோய்க்குப் பார்க்கும் ஏ.எப்.பி. இரத்தப் பரிசோதனையும் சாதாரணம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பயொப்சி (ஊசியால் கட்டியின் சிறு துண்டு) எடுக்க வேண்டுமாம். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பெரியம்மா பயப்படுகிறார். ஸ்கேனை வைத்தே சொல்ல முடியாதா, டொக்டர்?

பதில்: உங்கள் அப்பாவின் விஷயத்தில் முடியாது. பயொப்சிக்குப் போங்கள்.

ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து நாளம் வழியாக வருகிறது. ஈரலிலேயே உருவாகும் புற்றுநோயோ பெரும்பாலும் நாடி இரத்தத்தைக் குடித்து வளரும். ஹோர்மோன் சுரக்கும் கலங்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கும் அதே குணம். அதனால் சிடியில் மருந்து ஏற்றி அரை நிமிடமளவில் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாகப் பளிச்சிடும். ரிப்போட்டில் இரண்டு பெயரையும் எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

சிரோசிஸ் வந்து, அதாவது தழும்பேறிச் சுருங்கிய ஈரல் என்றால் கதை வேறு. அங்கே கட்டி முதலில் பளிச்சிட்டு, பிறகு மங்கினால், பயொப்சி இல்லாமலே ஈரல் புற்றுநோய் என்று முடிவு செய்யலாம். நல்ல ஈரலுக்கு இந்த விதி செல்லாது. அப்பாவுக்குக் குடியும் இல்லை, வைரசும் இல்லை. ஆனாலும் சீனி வருத்தமும் கொழுப்பு ஈரலும் இருந்தால் சத்தமில்லாமல் சிரோசிஸ் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.எப்.பி. சாதாரணம் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஈரல் புற்றுநோய் உள்ள பலருக்கும் அது உயர்வதில்லை.

நியூரோஎண்டோகிரைன் என்றால் மூலக் கட்டி பெரும்பாலும் வேறிடத்தில்: சிறுகுடல், கணையம், மலக்குடல், நுரையீரல். மேல் வயலின் புல் விதை வாய்க்கால் தண்ணீரோடு கீழ் வயலில் வந்து முளைப்பது போல, இரத்தம் அதை ஈரலில் கொண்டுவந்து சேர்க்கிறது. மூலம் கடுகளவு சிறியதாக இருக்கலாம், சிடியில் தெரியாமலும் போகலாம்.

அப்பாவிடம் இதைக் கேளுங்கள்: திடீரென முகமும் கழுத்தும் சூடாகிறதா? நம் நிறத்தில் சிவப்பது வெளியே தெரியாமல் போகலாம், அவருக்கே சூடாக உணரும். இரவிலும் எழுப்புகிற வயிற்றோட்டம், மூச்சு இழுப்பு உண்டா? இருந்தால் பயொப்சிக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி பட்டால் கட்டியிலிருந்து ஹோர்மோன் கொட்டி இரத்த அழுத்தம் தடுமாறக்கூடும். தெரிந்தால் முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள்.

பெரியம்மாவின் பயம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஊசி வழியில் பரவுவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. நோயின் பெயர் தெரியாமல் தவறான மருந்து தொடங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற குளிசை போடுகிறார் என்றால் முன்பே சொல்லுங்கள். தாங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆய்வகத்தில் குரோமோகிரானின், சினாப்டோபைசின் சாயங்கள் ஏறினால் நியூரோஎண்டோகிரைன். ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ் ஏறினால் ஈரலின் சொந்தப் புற்றுநோய் பக்கம். அப்புறம் கேஐ-67, அதாவது பெருகிக்கொண்டிருக்கும் கலங்களின் சதவீதம், எவ்வளவு என்று அவசியம் கேளுங்கள். சாதாரணக் கலங்களைப் போலவே தோன்றும் கலங்கள் உள்ள வகைக் கட்டியில் 3 சதவீதத்துக்குக் கீழ் என்றால் மெதுவாக வளரும் வகை, 20க்கு மேல் வேகமானது. மெதுவான வகையோடு, ஈரலில் பரவிய பிறகும், பல வருடங்கள் வாழ்கிறவர்கள் உண்டு. ஒக்ட்ரியோடைட் ஊசி, லுட்டீசியம் கதிர்மருந்து என இதற்கான வழிகளும் ஈரல் புற்றுநோயின் வழிகளல்ல. சிலருக்குச் சத்திரசிகிச்சையும் உண்டு. மூலத்தைத் தேட காலியம் டொட்டாடேட் பெட் ஸ்கேன் உண்டு. எங்கே எடுக்கலாம் என்று புற்றுநோய் கிளினிக்கில் கேளுங்கள்.

ஒரு சின்ன விஷயம். இரத்தத்தில் குரோமோகிரானின் பார்க்கச் சொன்னால், கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரசோல் போடுவதை மறைக்க வேண்டாம், அது அளவைக் கூட்டிக் காட்டும். கட்டியின் ஹோர்மோன் கழிவைப் பார்க்க 24 மணிநேரச் சிறுநீர் கேட்டால் அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி வேண்டாம்.