கல் கிடங்கு

அன்புள்ள ஐயா,

ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன். போன மாதம் நான்கு நாள் விடுப்பில் பார்சிலோனா போய்வந்தேன். கோதிக் என்கிற இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி என்றால் எனக்கு ஜெர்மனியின் கொலோன் பேராலயம்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நீங்கள் ஒருமுறை பாராட்டி எழுதியிருந்த சாந்தா மரியா தெல் மார் தேவாலயம் ஏமாற்றிவிட்டது. வெளியே மொட்டைச் சுவர், தட்டையான கோபுரங்கள், உள்ளே சிற்பமே இல்லாத தூண்கள். கல் கிடங்கு மாதிரி இருந்தது. இதற்கு நுழைவுக் கட்டணம் வேறு. பார்சிலோனா இருக்கும் கதலோனியாவின் மக்கள் வணிகர்களாயிற்றே, செலவுக்குப் பயந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நகரத்தின் பேராலய முகப்பு மட்டும் அசல் கோதிக்காக இருந்தது. கட்டடங்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ள எதை முதலில் வாசிக்க வேண்டும்?

வித்யா

அன்புள்ள வித்யா,

கட்டணம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு காபி கூடக் குடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ‘கல் கிடங்கு’ என்ற சொல் இரண்டு நாளாக என்னை விடவில்லை. கிட்டத்தட்ட அதே சொல்லை நானும் ஒருகாலத்தில் எழுதியிருக்கிறேன். முதல்முறை பார்சிலோனா போனபோது அந்தப் பேராலய முகப்புக்கு எதிரே மதியம் வரை நின்று நோட்டில் நாலு பக்கம் எழுதினேன். இடைக்காலத்தின் பக்தி, கல்லில் உறைந்த பிரார்த்தனை, இன்னும் என்னென்னவோ. அன்று மாலை சாந்தா மரியா தெல் மாரைக் கடந்து நடந்தேன். ஒரே வரி: “பெரிய கிடங்கு. உள்ளே போகவில்லை.”

ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. பேராலயத்தை 1298இல் தொடங்கினார்கள். முகப்பு மட்டும் பல நூற்றாண்டுகள் வெறும் சுவராகவே கிடந்தது. நான் உருகி நின்ற முகப்பு 1887இல் தொடங்கியது. ஒரு வங்கிக்காரரின் பணம், ஜோசப் ஒரியோல் மெஸ்த்ரஸ் என்ற கட்டடக்கலைஞரின் கை. நடுக்கோபுரம் முடிந்தது 1913இல். 1408இல் வரைந்த ஒரு பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கட்டினார்கள் என்பது உண்மை. அதை வரைந்தவரும் பிரான்சிலிருந்து வந்த ஒருவர். அதாவது அங்கே நீங்களும் நானும் ‘அசல்’ என்று கும்பிட்டது வட ஐரோப்பிய ரசனையை, அதுவும் மின்விளக்குக் காலத்தில் நட்டுவைத்ததை. அந்த நாலு பக்கத்தையும் நான் கிழிக்கவில்லை. தலைக்கனம் ஏறும்போது எடுத்துப் படிப்பேன்.

உங்கள் கொலோனும் இதில் சேர்த்திதான். 1248இல் தொடங்கி, நடுவே வேலை நின்று, பாதிக் கோபுரத்தின் மேல் ஒரு பாரந்தூக்கி நூற்றாண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. முடித்தது 1880இல். கழுத்து வலித்ததைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் அந்த வலியையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகாதீர்கள். தோசைக்கல்லில் இட்லி வரவில்லை என்று கோபித்துக்கொள்ளும் கதை அது.

மொட்டைச் சுவர் என்கிறீர்கள். அது ஏன் மொட்டையாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? வடக்கே நடுக்கூடத்தை மேலே மேலே உயர்த்தினார்கள். கல்கவிகை, அதாவது வளைந்த கல்கூரை, தன் எடையால் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அதைத் தாங்க வெளியே முட்டுகளை நிறுத்தி, அங்கிருந்து அந்தரத்தில் வளைவுகளை வீசிச் சுவரைப் பிடித்தார்கள். கொலோனில் நீங்கள் சுற்றிவந்து பார்த்த கல்காட்டில் பெரும்பகுதி முட்டுக்கொடுப்புதான். கதலோனியக் கொத்தனார்கள் அந்த முட்டுச்சுவர்களைக் கட்டடத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டார்கள். இரண்டு முட்டுச்சுவர்களுக்கு நடுவே கிடைத்த இடம் சிற்றாலயமாயிற்று. வெளிப்பக்கத்தைச் சமமாக மூடிவிட்டார்கள். பக்கக்கூடங்களையும் நடுக்கூடத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாக உயர்த்தியதால் நடுக்கவிகையின் தள்ளலை அவையே வாங்கிக்கொண்டன. கொலோனின் காடு அந்த மொட்டைச் சுவருக்குள்தான் இருக்கிறது, வித்யா.

உள்ளே தூண்களை எண்ணினீர்களா? ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 13 மீட்டர். எண்பட்டையாக, மெலிந்து நிற்கிற தூண்கள். வடக்கே இவ்வளவு இடைவெளி விட்டுத் தூண் நிறுத்த யாரும் துணியவில்லை. அந்த இடைவெளிதான் அங்கே சிற்பம்.

செலவுக்குப் பயந்தார்கள் என்று எழுதியது பாதி சரி. சரியாக இருப்பதால்தான் எரிச்சல் வருகிறது. கதலோனியாவின் இன்னொரு நகரமான ஜிரோனாவின் பேராலயத்தில் பின்பகுதியை மூன்று கூடங்களாகக் கட்டி முடித்திருந்தார்கள். மீதியையும் மூன்றாகவே நீட்டுவதா, ஒரே கூடமாகத் திறந்துவிடுவதா என்று சண்டை. 1416-17இல் பன்னிரண்டு தலைமைக் கொத்தனார்களை வரவழைத்து, ஒவ்வொருவரையும் சத்தியம் செய்யவைத்துக் கேட்டார்கள். பெரும்பாலோர் மூன்றே போதும் என்றார்கள். ஆலயத்தின் கொத்தனார் கியெம் பொஃபில் ஒன்றுதான் என்று நின்றார். குருக்கள் சபை அவர் பக்கம் சாய்ந்தது. சொன்ன காரணங்களில் ஒன்று வெளிச்சம் அதிகம் வரும் என்பது. இன்னொன்று, ஆமாம், செலவு குறையும் என்பது. அப்படிச் சிக்கனம் பார்த்துக் கட்டியதுதான் ஏறத்தாழ 23 மீட்டர் அகலமுள்ள ஒற்றைக் கூடம். உலகத்து கோதிக் கூடங்களில் இதைவிட அகலமானது கிடையாது. இந்தச் சிக்கனத்துக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

சாந்தா மரியாவின் பணக்கணக்கும் வேறு. 1329இல் அடிக்கல், 1383இல் முடித்துவிட்டார்கள். அரசனுடையதோ ஆயருடையதோ இல்லை; துறைமுகத்தை ஒட்டிய ரிபேரா பகுதிக்காரர்கள் எழுப்பியது. மொன்ட்ஜூயிக் குன்றிலிருந்து கல்லைத் துறைமுகச் சுமைதூக்கிகள் முதுகில் கொண்டுவந்தார்கள். பெரிய கதவில் முதுகு வளைந்த இரண்டு சின்ன வெண்கல உருவங்கள் இருக்கின்றனவே, அவர்கள்தான். சிற்பமே இல்லை என்று எழுதிய நீங்கள் அந்தக் கதவைத் தாண்டித்தானே உள்ளே போனீர்கள்?

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள் பக்கத்துக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் மெச்சுகிற வெறுமை முழுக்க அந்தக் கொத்தனார்களின் எண்ணம் இல்லை. பின்னாளில் சாந்தா மரியாவின் உள்ளே பரோக் என்கிற ஆடம்பரப் பாணியில் பீடமும் மரவேலைகளும் நிறைந்திருந்தன. 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது வைத்த தீ பதினோரு நாள் எரிந்தது. எல்லாம் போயிற்று, தூண்கள் நின்றன. அந்த அழிவின் மேல் உட்கார்ந்துகொண்டு ‘என்ன எளிமை’ என்று நான் கண் கலங்கியிருக்கிறேன். இரண்டாம் பயணத்தில், பின்வரிசை பெஞ்சில், வெளியே மழை. அந்தக் கண்ணீரை என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வாசிக்க என்ன என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். அடுத்த விடுப்பில் பார்சிலோனாவிலிருந்து ஜிரோனாவுக்கு ரயில் ஏறுங்கள், வேக ரயிலில் நாற்பது நிமிடம். கூடத்தின் நடுவில் நின்று பீடத்தைப் பாருங்கள். எதிர்ச்சுவரில் பழைய மூன்று கூடங்களின் வாய்களும் தெரியும், கீழே, சின்னதாக. அவற்றுக்கு மேலே மிச்சமிருக்கும் வெற்றுச்சுவரில் வட்டச் சாளரங்கள். பொஃபில் சண்டை போட்டு வாங்கியது அந்த வாய்களுக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள இடத்தைத்தான். காலையிலேயே போய்விடுங்கள்.

அன்புடன்.