மைனஸ் 30 தாங்கும் என்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: என் மகன் ஜனவரி முதல் வாரம் படிப்புக்காகக் கனடாவில் எட்மன்டனுக்குப் போகிறார். இங்கே ஒரு கடையில் ஆண்களுக்கான டவுன் ஜக்கெட் 12,500 ரூபா சொன்னார்கள். மைனஸ் 30 வரை தாங்குமாம். கையில் எடுத்தால் நல்ல பாரம். வாங்கலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அவசரப்பட வேண்டாம் அம்மா. நீங்கள் சொன்ன அந்தப் பாரம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. டவுன் என்பது தாரா, வாத்து போன்றவற்றின் நெஞ்சில், வெளி இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவி. அதற்குத் தண்டு கிடையாது. இலவம்பஞ்சுபோல உப்பி, காற்றைப் பிடித்து வைத்திருக்கும். அந்தக் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அதனால் நல்ல டவுன் ஜக்கெட் பார்க்கப் பெரிதாக இருக்கும், தூக்கினால் லேசாக இருக்கும்.

மறுபடி கடைக்குப் போனால் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். நிரப்பியிருப்பது பொலியெஸ்டர் என்று இருந்தால் அது டவுன் இல்லை. 90/10 என்றிருந்தால் 90 வீதம் தூவி, 10 வீதம் சாதாரண இறகு. ஓரிடத்தைக் கசக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். தானாக உப்பி எழ வேண்டும். ஊசிபோலத் தண்டுகள் நிறையக் குத்தினால் இறகுதான் அதிகம்.

சிலவற்றில் 600, 800 என்று ஓர் எண் இருக்கும். தூவி எவ்வளவு உப்பும் என்பதற்கான அளவு அது. 600 என்றால் 28 கிராம் தூவி கிட்டத்தட்ட 10 லீற்றர் இடத்துக்கு விரியும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. 800 தரத்தில் 100 கிராம் அடைத்ததைவிட 600 தரத்தில் 250 கிராம் அடைத்த ஜக்கெட் நன்றாகவே சூடு தரும். எத்தனை கிராம் என்று கட்டாயம் கேளுங்கள். மைனஸ் 30 என்ற பேச்சை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். கடை ஜக்கெட்டுகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட குளிர் அளவுகோல் கிடையாது.

என் அபிப்பிராயம் இதுதான்: பெரிய ஜக்கெட்டை அங்கே போய் வாங்கட்டும். அந்த ஊர்க் குளிருக்கென்றே செய்தவை அங்கே கிடைக்கும், போட்டுப் பார்த்தும் எடுக்கலாம். தொடை வரை நீளம், தொப்பி, காற்றுப் புகாத வெளித்துணி, மணிக்கட்டை இறுக்கும் உள்விளிம்பு, இந்த நான்கும் இருக்க வேண்டும். உள்ளே ஸ்வெட்டர் போட்டாலும் நெஞ்சை இறுக்கக் கூடாது, தூவி நசுங்கினால் சூடு போய்விடும். ஆனால் விமான நிலையத்தில் இருந்து வீடு வரை வெறும் ஷேர்ட்டோடு போக முடியாதே. ஜனவரியில் எட்மன்டன் மைனஸ் 20க்குக் கீழும் இறங்கும். அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு ஜக்கெட்டோடு வந்து கூட்டிப் போகச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் மட்டும் இங்கே ஒன்று வாங்குங்கள். அப்போதும் பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். டவுன் என்று சொல்லி வேறொன்றை விற்றிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கேள்வி: லண்டனில் இருந்து அண்ணா கொண்டுவந்த டவுன் ஜக்கெட்டைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தேன். இப்போது பூஞ்சண மணம். என்ன செய்வது?
– வாசகர், உவர்மலை

பதில்: நம் ஊர் மாரி ஈரத்தில் பொலித்தீன் பை கூடவே கூடாது. மென்மையான சவர்க்காரத்தில் அலசுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். அப்புறம் காற்றோட்டமான நிழலில் விரித்து, கட்டிபட்ட தூவியைக் கையால் உதறி உதறிப் பிரித்துவிடுங்கள். முழுக்கக் காய இரண்டு மூன்று நாள் எடுக்கலாம். காய்ந்ததும் மடிக்காமல் ஹேங்கரில் தொங்கவிட்டு, மேலே ஒரு பருத்தித் துணியைப் போர்த்தி வையுங்கள்.