நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயத் தொடர்) கார்கள் வட்டத்தில்தானே ஓடும், வாட்கின்ஸ் க்ளென் பந்தயம் எப்படி வந்தது?

பெரும்பாலும் வட்டம்தான். ஆனால் நியூயார்க் மாநிலத்தின் இந்தச் சின்ன ஊரில் இடம், வலம் இரண்டு பக்கமும் வளைக்க வேண்டும்.

1948-ல் ஊர்த் தெருக்களிலேயே பந்தயம் ஆரம்பித்தது. 1952-ல் ஓரமாக நின்ற ஒரு சிறுவன் கார் மோதி இறந்துபோக, பந்தயத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். 1956-ல் நிரந்தரத் தடம் வந்தது. அடுத்த வருடமே நாஸ்கார் வந்து, பக் பேக்கர் ஜெயித்தார். அப்புறம் 1964, 1965-ல் மட்டும் வந்துவிட்டு, நீண்ட இடைவெளி. அந்தக் காலத்தில் க்ளென் என்றால் ஃபார்முலா ஒன்தான் (1961 முதல் 1980 வரை). அது போனதும் தடம் திவாலானது. 1986-ல் நாஸ்கார் திரும்ப வந்தபோது ஜெயித்தவர் டிம் ரிச்மண்ட். அதிலிருந்து வருடாவருடம் நடக்கிறது, கொரோனா வந்த 2020 தவிர.

1991-ல் ஐந்தாவது வளைவில் ஜே.டி. மெக்டஃபி என்ற நாஸ்கார் ஓட்டுநர் விபத்தில் இறந்தார். நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்து சேரும் இடம் அது. அதனால் அடுத்த வருடம், வேகத்தைக் குறைக்க அதற்கு முன்னால் ஒரு நெளிவு போட்டார்கள். 'பஸ் ஸ்டாப்' என்று சொல்வது அதைத்தான்.

ஒரே ஒரு பந்தயம் பார்க்க நேரமிருந்தால் 2012-ஐப் பாருங்கள். கடைசிச் சுற்று, தடத்தில் எண்ணெய், முன்னணியில் இருந்த கைல் புஷ் சுழன்றுபோகிறார். கெசலோவ்ஸ்கியும் ஆம்ப்ரோஸும் புல்வெளியில் இறங்கி ஏறி இடித்துக்கொண்டே வருகிறார்கள். ஆம்ப்ரோஸ் ஜெயித்தார்; எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.