கோழிக்கு வைத்த தண்ணீர் ஐஸாகிறதா? குளிர்காலக் கேள்வி-பதில்

ஜூன் பிறந்து நம் தென்னாப்பிரிக்காவில் குளிர் தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான். எனக்கு அதில் சந்தோஷம். தீவனத்துக்கு அலைகிற நாம் தண்ணீரைக் கவனிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அக்கா, வீட்டுப் பின்னால் பன்னிரண்டு கோழி வளர்க்கிறேன். ராத்திரி வைக்கிற தண்ணீர் காலையில் கல்லாகக் கிடக்கிறது. சாக்கு சுற்றியும் பார்த்துவிட்டேன். விடியும்வரை உறையாமல் வைக்க என்ன வழி? (லெனேசியா வாசகி)

விடியும்வரை தண்ணீர் வைக்கவே வேண்டாம். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. கம்பில் ஏறி அடைந்துவிட்டால் வெளிச்சம் வரும்வரை இறங்காது, ஒரு வாய் குடிக்காது. யாரும் குடிக்காத தண்ணீரைக் காப்பாற்ற ராத்திரி முழுக்கப் போராடுகிறீர்கள். பொழுது சாய்ந்து கோழி அடைந்ததும் சட்டியைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள்.

காலைதான் முக்கியம். முட்டையிடும் கோழி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். விழித்ததும் அதற்குத் தாகம் அதிகம். தண்ணீர் இல்லையென்றால் தீவனத்தையும் தொடாது. நான் கோழி வளர்க்க ஆரம்பித்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் எட்டு மணிக்குத்தான் கொட்டிலுக்குப் போனேன். ஒரு பெட்டை ஐஸ் மேல் அலகால் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்க்கும்; மறுபடி தட்டும். அடியில் தண்ணீர் இருப்பது அதற்குத் தெரிகிறது, குடிக்கத்தான் முடியவில்லை. அன்றிலிருந்து டீக்கு வெந்நீர் வைக்கும்போதே கோழிக்கும் சேர்த்து வைக்கிறேன். குழாய்த் தண்ணீரில் கலந்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஊற்றினால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம்.

ஹைவெல்ட் என்கிற நம் மேட்டுநிலக் குளிரில் ஒரு வசதி உண்டு. குளிர்காலத்தில் மழை இல்லை, வானம் சுத்தமாக இருக்கும். ராத்திரி அதனால்தான் அப்படிக் குளிர்கிறது. ஆனால் அதே காரணத்தால் ஒன்பது பத்து மணிக்குள் வெயில் வந்துவிடும். காலையில் இரண்டு மூன்று மணி நேரத்தைச் சமாளித்தால் போதும். அதற்கு மூன்று விஷயம் சொல்கிறேன். தகரச் சட்டியைவிடக் கறுப்பு ரப்பர் தொட்டி நல்லது. வெயிலை இழுக்கும், ஐஸ் பிடித்தாலும் வளைத்துத் தட்டினால் கழன்று விழும். அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும் பாத்திரம் சீக்கிரம் உறையும். ஆழமான பாத்திரமாகப் பாருங்கள். பழைய கார் டயருக்குள் வைக்கோல் திணித்து அதன் நடுவில் வைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் வைக்கிற இடம். திறந்த வானத்தின் கீழ் வைத்த தண்ணீர் காற்றில் உறைகுளிர் இல்லாதபோதும் உறையக்கூடும், ஏனென்றால் அதன் சூடு நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. மேலே ஒரு கூரை வேண்டும். வடக்குப் பார்த்த சுவரோரமாக வையுங்கள். தமிழ்நாட்டில் மார்கழி வெயில் தெற்கிலிருந்து வரும். இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்து.

கூரை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹடீடாப் பறவையும் காட்டுப் புறாவும் வந்து குடிக்கிற தண்ணீர் நம் கோழிக்கு ஆகாது. 2017-லும் 2023-லும் பறவைக் காய்ச்சல் நம் நாட்டுப் பண்ணைகளை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தோமே.

தண்ணீரில் உப்புப் போட்டால் உறையாது என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் நாலு சொட்டு விடச் சொல்கிறார். (பெனோனி)

இரண்டையும் செய்யாதீர்கள். ஆன்டிஃப்ரீஸ் விஷம். சொட்டுக் கணக்கெல்லாம் பேசவே கூடாது, பாட்டிலைக் கொட்டில் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உப்பு அதிகமானால் கோழிக்குக் கழிச்சல் வரும், உயிரே போகலாம். உப்பைக் கோழி குடிக்கும் தண்ணீரில் கரைக்காமல் வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் ஒரு பெரிய கைப்பிடி உப்பைக் கரைத்து, மூடியை நன்றாக இறுக்கி, தொட்டியில் மிதக்க விடுங்கள். பாட்டில் அசைவதால் மேலே ஐஸ் படிவது கொஞ்சம் தள்ளிப்போகும். லேசான குளிருக்குத்தான் இது உதவும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

நூற்றைம்பது கோழிக்கு ஜோஜோ பிளாஸ்டிக் டேங்கிலிருந்து பைப் போட்டு, கோழி அலகால் தட்டினால் சொட்டும் நிப்பிள் மாட்டியிருக்கிறேன். காலையில் ஒன்றிலும் தண்ணீர் வரவில்லை. (நியூகாசில்)

நிப்பிள்தான் எப்போதும் முதலில் உறையும். ஊசியைச் சுற்றி இருப்பது ஒரு சொட்டுத் தண்ணீர், அதைச் சுற்றி உலோகம். பைப்பின் தாழ்ந்த முனையில் ஒரு வால்வு வையுங்கள். சாயங்காலம் டேங்க் வாயை அடைத்துவிட்டு வால்வைத் திறந்தால் பைப் காலியாகும். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு பெருக்கும். காலி பைப் வெடிக்காது. காலையில் வெயில் ஏறி நிப்பிள் வேலை செய்யும்வரை நாலைந்து தொட்டிகளில் தண்ணீர் வையுங்கள். வெளியே ஓடும் பைப்பை ஒரு அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்கச் சொட்ட விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தண்ணீர் வீண், கொட்டில் தரையும் ஈரம்.

கரண்டில் சூடாகும் அடித்தட்டு வாங்கலாமா? (லேடிஸ்மித்)

காலையில் இரண்டு மூன்று மணி நேரத்துக்காக அது தேவைப்படாது என்பது என் எண்ணம். மின்வெட்டு வந்தால் அதுவும் உதவாது. வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் கோழித் தண்ணீருக்கென்றே செய்ததை வாங்குங்கள். ஒயர் அலகு எட்டாத உயரத்தில் போகட்டும், வைக்கோலுக்கும் உமிக்கும் பக்கத்தில் பிளக் வேண்டாம். பிஸ்கட் டின்னுக்குள் பல்பைப் போட்டு மேலே சட்டி வைக்கும் வித்தையைப் பலர் செய்கிறார்கள். உமி நிறைந்த கொட்டிலில் அது நெருப்புக்கு அழைப்பு. எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆடி மாதம் மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். கொண்டை நுனியும் தாடியும் கறுத்துவிட்டன. என்ன செய்வது? (ஜெர்மிஸ்டன்)

குளிரில் தசை உறைந்திருக்கிறது. தேய்க்காதீர்கள், வெந்நீர் ஒத்தடமும் கொடுக்காதீர்கள். கறுத்த நுனி தானாகக் காய்ந்து விழும். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். காரணம் பெரும்பாலும் தண்ணீர்ச் சட்டிதான். வாய் அகன்ற சட்டியில் குடிக்கும்போது தாடி நனைகிறது, நனைந்த தாடி குளிரில் உறைகிறது. குறுகிய விளிம்புள்ள பாத்திரத்துக்கு மாற்றுங்கள். குளிருக்குப் பயந்து கொட்டிலை இறுக்கி மூடினால் கோழிகளின் மூச்சே ஈரமாகப் படியும். அவை அடையும் உயரத்துக்கு மேலே காற்று வெளியேற வழி வேண்டும்.

தகர டிரிங்கரில் வினிகர் கலக்கலாமா? (எஸ்ட்கோர்ட்)

கூடாது. புளிப்பு, தகரத்தின் துத்தநாகப் பூச்சைக் கரைக்கும். பிளாஸ்டிக்கில் கலந்துகொள்ளுங்கள், ஆனால் அது உறைவதைத் தடுக்காது.

தண்ணீர் ஒழுங்காகத்தான் வைக்கிறேன். ஆனாலும் முட்டை பாதியாகிவிட்டது. (ஸ்பிரிங்ஸ்)

ஓடு நீங்கலாக முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான், அதனால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டது சரி. ஆனால் உங்கள் விஷயத்தில் காரணம் வெளிச்சக் குறைவு. நன்றாக முட்டையிடக் கிட்டத்தட்ட 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். ஜூன் கடைசியில் நமக்குக் கிடைப்பது பத்தரை மணி நேரம். ஆகஸ்ட், செப்டம்பரில் முட்டை திரும்பும். அதுவரை கோழி ஓய்வெடுக்கட்டும். நான் விளக்குப் போடுவதில்லை.

இந்தக் குளிரில் அடைகோழி குஞ்சு பொரித்துவிட்டது. ஏழு குஞ்சு. தண்ணீர் எப்படி வைக்க? (பெனோனி)

குஞ்சுக்குச் சில்லென்ற தண்ணீர் ஆகவே ஆகாது. ஜாடி மூடி அளவு ஆழத்தில், வெதுவெதுப்பாக, நாளுக்கு நாலைந்து தடவை மாற்றுங்கள். மூடிக்குள் கழுவிய கூழாங்கற்களைப் பரப்பிவிட்டால் குஞ்சு உள்ளே விழுந்து நனையாது. இந்த மாதத்தில் நனைந்த குஞ்சு அதிக நேரம் தாங்காது. நனைந்துவிட்டால் துணியில் ஒற்றி, காய்ந்ததும் தாயின் இறக்கைக்குள் விடுங்கள்.