கிலோ கணக்கில் முந்தும் ஹைட்ரஜன், டேங்க் கணக்கில் பிந்துவது ஏன்?

கேள்வி: மெரைன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹைட்ரஜன் கிலோவுக்கு 120 மெகாஜூல் தருகிறது. கப்பல் டீசல் 43கூட எட்டுவதில்லை. பிறகு ஏன் பெரிய கப்பல்கள் கிலோவுக்கு 20 மட்டும் தரும் மெத்தனாலுக்குப் போகின்றன? புராஜெக்டில் எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது?

பதில்: எண்கள் சரிதான். ஆனால் எடைக் கணக்கு ராக்கெட்காரர்களின் கவலை. கப்பலின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். அங்கே இழுபறி இடத்துக்குத்தான். டேங்க் பெருத்தால் சரக்கு குறையும். எனவே லிட்டர் கணக்கைப் பாருங்கள்.

டீசல் லிட்டருக்குச் சுமார் 36 மெகாஜூல். எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) 21, மெத்தனால் 16, திரவ அமோனியா 12.7. திரவ ஹைட்ரஜன் வெறும் 8.5! மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் ஒரு கன மீட்டரில் 71 கிலோதான் பிடிக்கும், அவ்வளவு லேசு. 1,000 கன மீட்டர் டீசல் தரும் ஆற்றலுக்கு மெத்தனால் 2,300 கன மீட்டர் வேண்டும், ஹைட்ரஜன் 4,200.

இதில் டேங்கின் சுவர் சேரவில்லை. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஹைட்ரஜனுக்கு வெற்றிடக் காப்பு கொண்ட இரட்டைச் சுவர் உருளை வேண்டும். பெட்டி போன்ற கப்பல் உடலுக்குள் உருளையை வைத்தால் மூலைகள் வீண். மெத்தனால் சாதாரண வெப்பநிலையிலேயே திரவம் என்பதால், கப்பலின் வடிவத்துக்கேற்ப டேங்க் கட்டி உள்பூச்சு பூசினால் போதும். அமோனியாவுக்கு மைனஸ் 33 டிகிரி போதும். ஆனால் அது நச்சு, கசிவுப் பாதுகாப்புக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும்.

நிஜக் கப்பல்களைப் பாருங்கள். 2024இல் ஓடத் தொடங்கிய 'ஆனே மெர்ஸ்க்' கப்பலின் மெத்தனால் டேங்க் 16,000 கன மீட்டர். டீசலாக இருந்தால் ஏறக்குறைய 7,000 போதும். ஆசியா–ஐரோப்பா போய்வர ஒரே நிரப்பல் என்பதால் அந்த அளவு. நார்வேயின் 'ஹைட்ரா' படகோ 2023 முதல் திரவ ஹைட்ரஜனில் ஓடுகிறது. மேல்தளத்தில் 80 கன மீட்டர் டேங்க். அதன் ஆற்றல் 19 கன மீட்டர் டீசலுக்குச் சமம். குறுகிய தூரம் ஓடி, அடிக்கடி நிரப்பிக்கொள்ளும் படகுக்கு அது கட்டுப்படியாகிறது.

சரி, புராஜெக்டுக்கு வருவோம். ஒரு பயணத்துக்கான ஆற்றலை முதலில் கணக்கிடுங்கள். பிறகு டேங்கின் வெளி அளவை ஒப்பிடுங்கள். இன்னொன்று: சில அட்டவணைகளில் ஹைட்ரஜனுக்கு 142 என்றிருக்கும். அது, ஹைட்ரஜன் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து தரும் வெப்பத்தையும் சேர்த்த மொத்த மதிப்பு. நான் மேலே தந்தவை எல்லாம் நிகர மதிப்புகள். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்துவிடாதீர்கள்.