சூரியன் கருந்துளையானால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், சூரியன் கருந்துளையாக மாறினால் பூமியை உறிஞ்சிவிடுமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இரவில் விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறாள். நான் சொன்னது சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளைக் கூப்பிட்டு, உறிஞ்சாது என்று சொல்லிவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

‘துளை’ என்ற சொல்தான் நம்மை மயக்குகிறது. கேட்டதும், குளியலறைத் தண்ணீர் சுழன்று இறங்கும் வடிகால் கண்முன் வந்துவிடுகிறது. ஆனால் ஈர்ப்பு விசை பார்ப்பது நிறையையும் தூரத்தையும்தான். 7 லட்சம் கி.மீ. ஆரமுள்ள சூரியனை 3 கி.மீ. ஆரத்துக்குள் நசுக்கிக் கருந்துளையாக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நிறை மாறவில்லை. நமக்கும் அதற்கும் இடையிலான 15 கோடி கி.மீ. தூரமும் மாறவில்லை. பூமி எப்போதும்போல 365 நாளில் ஒரு சுற்று வரும். வெளிச்சம் போய்க் குளிரில் உறைந்துவிடுவோம், அது வேறு விஷயம்.

கருந்துளையின் மூர்க்கமெல்லாம் மிக அருகில் போனால்தான். இன்றைய சூரியனின் மையத்துக்கே போக முடிந்தால் அங்கே இழுவை இராது. நாலாபுறத்து இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நசுங்கிய சூரியனிலோ மொத்த நிறையும் ஒரே பக்கம் இருக்க, 3 கி.மீ. வரை நெருங்கிவிடலாம். அதனால்தான் அங்கே அவ்வளவு மூர்க்கம். அந்த எல்லைக்குள் போனால் ஒளியாலும் திரும்ப முடியாது.

உண்மையில் நம் சூரியன் கருந்துளை ஆகவே ஆகாது. அதற்கு நிறை போதாது, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய சிறிய விண்மீனாக, அதாவது வெண்குறுமீனாக அடங்கிவிடும். வெண்குறுமீனுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அது சூரிய நிறையைப்போல சுமார் 1.4 மடங்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர், 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில் போட்ட கணக்கு அது. நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். நம் பால்வீதியின் நடுவில், சூரியனைப்போல சுமார் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுற்றி வருகிறது. 2018 மே மாதம் சுமார் 1,800 கோடி கி.மீ. வரை நெருங்கி, வினாடிக்கு 7,000 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் வளைந்து, மறுபடி வெளியே போய்விட்டது. அத்தனை பெரிய கருந்துளையாலும் அதை விழுங்க முடியவில்லை. 2034 இல் எஸ்2 மறுபடி வரும். அப்போது உங்கள் மகளே அந்தச் செய்தியை உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்