1966 மஸ்டாங் விற்பனைக்கு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு பழைய மஸ்டாங்கின் விளம்பரத்தை நண்பர் ஒருவர் போட்டாலும் போட்டார், கேள்விகள் வந்து குவிகின்றன. விளம்பரம் சொல்வது இவ்வளவுதான்: 1966 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் (மடக்க முடியாத தகரக் கூரை), 289 கன அங்குல வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக், சிவப்பு, 48,000 மைல், 'நம்பர் மேட்சிங்' (அதாவது வண்டியோடு பிறந்த இன்ஜினே இன்னும் இருக்கிறதாம்), 'ஜிடி' (அதாவது ஃபோர்டின் ஸ்போர்ட்ஸ் பேக்கேஜாம்), பிறந்ததிலிருந்து கலிஃபோர்னியாவிலேயே இருந்த வண்டி, துருவே கிடையாது. ஆலையில் குத்திய வண்டி எண் 6R07C என்று தொடங்குகிறது, அதில் ஐந்தாவதாக வரும் எழுத்து எந்த இன்ஜின் என்று சொல்லும். 65, 66 மஸ்டாங்குகளை மட்டும்தான் நான் பிரித்து மேய்ந்திருக்கிறேன், அதனால் அவற்றைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

ஹூஸ்டன் நண்பர்: படங்களில் துரு எங்குமே தெரியவில்லை. பனியும் உப்பும் இல்லாத ஊர் வண்டி வேறு. முன்பணம் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். இந்த வண்டியில் துரு பிடிக்கும் முக்கியமான இடத்தைப் படம் எடுக்கவே முடியாது. விண்ட்ஷீல்டுக்கு அடியில், வைப்பர் பக்கத்தில், காற்று போவதற்காக வரிசையாகத் துளைகள் இருக்கும். அதற்குக் கீழே இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்ட் வைத்து மூடிய ஒரு பெட்டி இருக்கிறது, அதைத்தான் கவுல் என்பார்கள். மழைத் தண்ணீர் அதில் விழுந்து இரண்டு ஓரமாக வடிந்து வெளியே போக வேண்டும். காருக்குள் காற்று வருவதற்கு அந்தப் பெட்டியின் அடித்தகட்டில் இரண்டு ஓட்டைகள், தண்ணீர் இறங்காமல் இருக்க அவற்றைச் சுற்றி எழுப்பிய விளிம்பு. சருகு விழுந்து அடைத்துக்கொண்டால் ஈரம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும், விளிம்பு அரித்துப் போகும், அப்புறம் ஒவ்வொரு மழையும் நேராகக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான். கலிஃபோர்னியாவில் சாலையில் உப்பு போடாமல் இருக்கலாம், மரங்கள் இலை உதிர்க்காமலா இருக்கின்றன?

செய்ய வேண்டியது: முன்பக்கம் இரண்டு பக்கமும் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். ஒரு குடம் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக, இடது ஓரம் ஒரு முறை, வலது ஓரம் ஒரு முறை ஊற்றுங்கள். ஒருவர் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். உள்ளே சொட்டினால் பழுது சின்னதில்லை. ஃபெண்டர்களையும் பானெட்டையும் கழற்றி, மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைபோட்டு எடுத்தால்தான் கீழ்த்தகட்டையே பார்க்க முடியும். பலர் மேலே சீலன்ட்டை ஊற்றிவிட்டு விற்றுவிடுவார்கள். தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்று சொல்கிற விற்பனையாளரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அதோடு பேட்டரிக்குக் கீழே இருக்கும் தகட்டையும் பாருங்கள், ஆசிட் ஒழுகி அரித்திருக்கும். டிக்கியில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கமே தரையாக இருக்கும். அதன் இரு ஓரத்திலும் இறங்கும் பள்ளங்களைக் கையால் தடவிப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு மேலே காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே தகரத்துக்குப் பதில் பட்டி இருக்கிறது.

நியூஜெர்சி தம்பி: 'நம்பர் மேட்சிங்' என்றால் விலை கூடும் என்கிறார்களே, எப்படிச் சரிபார்ப்பது?

தம்பி, இந்த வண்டியில் மேட்ச் செய்ய நம்பரே கிடையாது. 1966-இல் 271 குதிரைத்திறன் கொண்ட ஹை-பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினில், அதாவது எண்ணில் K எழுத்து உள்ள வண்டிகளில்தான், வண்டி எண்ணை இன்ஜினிலும் குத்தினார்கள். சாதாரண 289-இல் குத்தவில்லை. C எழுத்து வண்டியை நம்பர் மேட்சிங் என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

பார்க்கக்கூடியது வார்ப்புத் தேதி. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அருகே இன்ஜின் பிளாக்கில் வார்ப்பு எண்ணும், 6C10 மாதிரி ஒரு குறியும் இருக்கும். 6 என்பது 1966, C மார்ச், 10 தேதி. ஓட்டுநர் கதவின் பிளேட்டில் வண்டி செய்த தேதி இருக்கிறது. இன்ஜினின் தேதி அதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் பொருந்துகிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். வண்டியைவிட இன்ஜின் இளையது என்றால் மாற்றியிருக்கிறார்கள். 302 இன்ஜின் வெளியிலிருந்து பார்க்க 289 மாதிரியே இருக்கும், இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம்தான், ஸ்ட்ரோக்தான் வேறு. அதனால் ஏர் கிளீனர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும்.

இன்னொன்று, மார்ட்டி ரிப்போர்ட் (ஒரு வண்டி ஆலையில் எப்படிப் பிறந்தது என்று ஃபோர்டின் பதிவுகளைப் பார்த்துச் சொல்லும் அறிக்கை) எடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அது 1967 மாடலில் இருந்துதான் கிடைக்கும்.

சியாட்டில் நண்பர்: கிரில்லில் ஃபாக் லாம்ப், பின்னால் புகைக்குழாய் இரண்டும் பம்பருக்கு அடியில் எட்டிப் பார்க்கிறது, டாஷில் ஐந்து வட்ட மீட்டர். ஜிடி தானே?

இல்லை. எண்ணில் C இருக்கிறது, அது 200 குதிரைத்திறன் இன்ஜின். ஜிடி பேக்கேஜ் 1965 ஏப்ரலில் வந்ததிலிருந்து A (225) அல்லது K இன்ஜினோடு மட்டும்தான் கொடுத்தார்கள். 66-இல் ஐந்து வட்ட மீட்டர் எல்லா மஸ்டாங்கிலும் வந்துவிட்டது, அது எதற்கும் சாட்சியில்லை. மற்றதெல்லாம் பெட்டியில் வாங்கி மாட்டலாம். சந்தேகம் A எழுத்து வண்டியில்தான் வரும், அங்கே அடியில் படுத்து, சைலன்சரைத் தொங்கவிடும் இடத்தில் பின் ஃபிரேமில் ஆலையில் வெல்ட் வைத்த தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே அந்த வேலையும் மிச்சம்.

எண்ணைக் கதவு பிளேட்டில் மட்டும் பார்க்காதீர்கள், புது பிளேட் அடித்துத் தருகிறார்கள். பானெட்டைத் திறந்து, இடப்பக்க ஃபெண்டரின் உள்தகட்டில் குத்தியிருப்பதைப் படியுங்கள், அதைப் படிப்பதற்காகவே ஃபெண்டரின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும்.

அதே நண்பர்: கதவு பிளேட்டில் நிறம் M என்று இருக்கிறது, வண்டி சிவப்பு.

M என்றால் விம்பிள்டன் ஒயிட். வெள்ளைக் காரைச் சிவப்பாக்கியிருக்கிறார்கள், இது ரொம்பச் சகஜம். கேண்டிஆப்பிள் சிவப்பு T. டாஷுக்கு அடியில், டிக்கியின் மூலையில் வெள்ளை எட்டிப் பார்க்கும். பெயிண்ட் மாறியது குற்றமில்லை, ஏன் மாற்றினார்கள், அடியில் எவ்வளவு பட்டி என்பதுதான் கேள்வி.

டாலஸ் அக்கா: 48,000 மைல் உண்மையாக இருக்குமா?

மைல் எண்கள் ஐந்துதான் அக்கா. 99,999-க்குப் பிறகு பூஜ்யம். 1,48,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் பெடலின் ரப்பர், ஓட்டுநர் கதவின் கீல், பழைய சர்வீஸ் பில்கள், இவை மூன்றும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

சாக்ரமெண்டோ நண்பர்: துரு இருக்குமா?

முதல் பதில். தண்ணீர் ஊற்றுங்கள்.

அட்லாண்டா அண்ணன்: வாங்கினால் உடனே மாற்ற வேண்டியது என்ன? எதையும் மாற்றக்கூடாது என்பது என் கட்சி.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை அழுத்தும்போது சக்கரங்களுக்கு பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம். 66 வரை இதில் ஒரே சுற்று. நான்கு சக்கரத்துக்கும் ஒரே இடத்திலிருந்து ஆயில் போகிறது. ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரைக்குப் போய்விடும், மிச்சம் இருப்பது கேபிளில் இயங்கும் கை பிரேக் மட்டும். 67-இல் ஃபோர்டே இரட்டைச் சுற்றுக்கு மாறிவிட்டது. அந்த மாதிரி இரட்டைச் சிலிண்டரை அதே இடத்தில் போல்ட் போட்டு மாட்டலாம், குழாயில் கொஞ்சம் வேலை இருக்கும்.

அட்லாண்டா அண்ணன் மறுபடியும்: அறுபது வருடம் ஓடிய வண்டி. ஆலையில் வந்தபடி வைத்திருப்பதுதான் மரியாதை. இன்று பிரேக், நாளை டிஸ்க், நாளன்றைக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அப்புறம் அது மஸ்டாங்கா?

அண்ணே, கண்ணாடிக் கூண்டில் வைக்கிறீர்கள் என்றால் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஹைவேயில் போகிறேன் என்றால் கேட்பேன். கழற்றிய பழைய சிலிண்டருக்கு ஒரு சீட்டுக் கட்டிப் பெட்டியில் போட்டு வையுங்கள், அடுத்து வாங்குகிறவர் விரும்பினால் ஒரு மத்தியானத்தில் திரும்ப மாட்டிக்கொள்வார். போல்ட் போட்டதை மாற்றுவது வேறு, வெட்டுவது வேறு. நீங்கள் சண்டை போட வேண்டியது, முன்பக்க ஷாக் டவரை (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் உட்காரும் தகட்டுக் கூடு) அறுத்தெறிந்துவிட்டு வேறு சஸ்பென்ஷனை வெல்ட் வைக்கிறார்களே, அவர்களோடு. அங்கே நானும் உங்கள் கட்சி.

ஃபீனிக்ஸ் நண்பர் (இடையில் புகுந்து): ஷாக் டவரை எடுத்தால் இன்ஜினைச் சுற்றி இடம் கிடைக்கும், ஸ்டீயரிங்கும் நன்றாகிவிடும். ஓட்டிப் பார்க்காமல் பேசாதீர்கள்.

ஸ்டீயரிங் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஏற்கெனவே முன்பக்கம் நசுங்கிய, எண் முக்கியமில்லாத வண்டியில் செய்யுங்கள். தகடு கெடாமல் அறுபது வருடம் தப்பி வந்த வண்டியை எதற்கு அறுக்க வேண்டும்? இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அந்த டவர்தான் முன்பக்கத்தின் பாரத்தைத் தாங்குகிறது. எடுத்தால் அந்தப் பலத்தை வேறு எங்காவது சேர்க்க வேண்டும், அதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு.

அட்லாண்டா அண்ணன்: ஷாக் டவரில் ஒத்துக்கொள்கிறேன். பிரேக்கில் இல்லை.

சரி அண்ணே. ஹோஸ்களையாவது புதிதாகப் போடுங்கள்.

பெயர் போடாத ஒருவர்: நல்ல முதலீடா?

1966-இல் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதில் பெரும்பகுதி இந்த ஹார்ட்டாப்தான். பிடித்தால் வாங்குங்கள். பணம் பெருக வேண்டும் என்றால் வேறு ஆளைக் கேளுங்கள்.

டொராண்டோ நண்பர்: என்னிடம் ஒரு 65 கன்வெர்ட்டிபிள் பேசியிருக்கிறார்கள். துரு பற்றி...

கவுல். தண்ணீர். அதோடு கன்வெர்ட்டிபிளில் கூரை இல்லாததால் கதவுக்குக் கீழே இருக்கும் ராக்கரின் உள்தகடுதான் வண்டியைத் தாங்குகிறது. பின்சக்கரத்துக்கு முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவு முன்பு மாதிரியே மூடுகிறதா என்று பாருங்கள். இடித்துக்கொண்டு நின்றால் வேண்டாம்.

மேலும் ஒருவர்: ஆறு சிலிண்டர் வண்டியை வி8 ஆக்கியிருந்தால் எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. எண்ணில் T இருந்தால் ஆறு சிலிண்டராகப் பிறந்தது. சக்கரத்தில் நான்கு போல்ட் இருந்தால் ஆறு சிலிண்டருக்கான ஆக்ஸிலும் பிரேக்கும் இன்னும் மாறவில்லை. ஆலையில் வந்த வி8-க்கு ஐந்து. இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்ட வண்டி ஆபத்தானது.

சென்னை நண்பர்: இங்கே கொண்டுவர முடியுமா?

அது கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது. எனக்குத் தகரம்தான் தெரியும்.

டாலஸ் அக்கா: நேரில் பார்க்கப் போகிறேன். டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிக்க?

ஓட்டுவதற்கு முன் டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்களைப் படியுங்கள், 2311 என்றால் 2011-இன் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய டயரில் வேகமாகப் போகாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள், சூடாக்கி வைத்திருந்தால் எதற்கு என்று கேளுங்கள். ஆட்டோமேட்டிக்கில் டிரைவ் போட்டவுடன் பிடிக்க வேண்டும், மூச்சு வாங்கக் கூடாது. பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள், பெடல் மெல்ல இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு குடத்தையும் டார்ச்சையும் நீங்களே எடுத்துப் போங்கள் அக்கா, அங்கே தேட வேண்டாம்.